சாவி போட்டும் வண்டி கிளம்பலையா?

(தெள்ளாரில் நடந்த மகளிர் குழுக்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை என்று பேசினோம். இன்றைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறதே நம்ம பழைய மினி டிராக்டர், அதைப் பற்றிப் பேசப் போகிறோம். "டிராக்டரைப் பத்திப் பேச நாமதான் கெடச்சோமா? அதுக்குத்தான் மெக்கானிக் இருக்காங்களே" என்று பின்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மா சிரிக்கிறாங்க. சிரிங்கம்மா. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் இந்தக் குழுக்கள் ஆரம்பித்த காலத்தில், "கணக்கு எழுத நமக்கெங்க தெரியும்?" என்றுதான் எல்லா ஊரிலும் பெண்கள் கேட்டார்கள். இன்றைக்கு நம்ம தீர்மானப் புத்தகத்தையும் பேரேட்டையும் யார் எழுதுகிறார்கள்? நாமேதான் எழுதுகிறோம். தெரியாது என்று இருந்தது, பழகினதும் தெரிந்துவிட்டது. வண்டியும் அப்படித்தான்.

நமக்கு நடந்தது

ஐந்து குழு சேர்ந்து, கடன் வாங்கி, கைமாற்று வண்டியாக இதை எடுத்தோம். வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் மாதாமாதம் தவணை கட்டுகிறோம். போன சம்பாவுக்குச் சேடை ஓட்டுகிற நேரம். காலையில் சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மெக்கானிக் வந்தார். பார்த்த உடனே "செல்ஃப் மோட்டார் போயிடுச்சு" என்றார். கழற்றிக்கொண்டு போனார். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து மாட்டினார். மறுபடியும் "டக்". "அப்போ பேட்டரிதான்" என்றார். புது பேட்டரி வாங்கினோம். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மறுபடியும் அதே "டக்".

கடைசியில், வண்டி வேலை தெரிந்த பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் வந்தார். தடியான ஒரு கேபிளை எடுத்து பேட்டரியின் மைனஸ் பக்கத்தில் ஒரு முனையையும், இன்ஜின் இரும்பில் மறுமுனையையும் பிடித்தார். "இப்போ சாவியைப் போடும்மா" என்றார். வண்டி உடனே கிளம்பிவிட்டது! பேட்டரியிலிருந்து வண்டி உடம்புக்குப் போகிற எர்த்து கேபிளின் அடிப்போல்ட்டில் சேறும் துருவும் ஏறியிருந்தது. கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினார். பத்து நிமிஷ வேலை.

அதற்குள் ஒரு வாரம் போய்விட்டது. முன்பதிவு செய்தவர்கள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். அந்த மாதத் தவணையைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினோம். மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு கேள்விகூடக் கேட்காமல் செலவுக்குத் தீர்மானம் போட்டது நாம்தான். உங்களோடு இருந்த களப்பணியாளர்களான நாங்களும் கேட்கவில்லை.

நம்ம பக்கம் ஆரணி வரைக்கும் தறி தெரிந்த வீடுகள் நிறைய. பாவில் இழை அறுந்தால் என்ன செய்கிறோம்? எந்த இழை என்று தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறோம். தறியையே மாற்றுவதில்லை. வண்டிக்கும் அதே நியாயம்தான். எது கெட்டது என்று கண்டுபிடிக்காமல் எதையும் மாற்றக் கூடாது. இன்றைய பேச்சில் இந்த ஒன்றை மறக்காமல் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

செல்ஃப் நமக்கு ஏன் முக்கியம்?

பழைய பவர் டில்லரை ஹேண்டில் போட்டுச் சுற்றியவர்களுக்குத் தெரியும். தோள் பலம் வேணும். சில சமயம் ஹேண்டில் எதிர்த்து அடிக்கும், மணிக்கட்டு பிசகிவிடும். அந்தக் காலத்துக் காரும் இப்படித்தான். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் மின்சாரத்தால் இன்ஜினைச் சுற்ற வைக்கும் செல்ஃப் மோட்டாரைச் செய்தார். 1912-ல் கெடிலாக் கார்களில் அது வந்தது. அதற்குப் பிறகு வண்டியைக் கிளப்ப உடல் பலம் தேவையில்லை, ஒரு பட்டன் போதும் என்றானது. பெண்கள் தனியாக வண்டி எடுக்க அது பெரிய உதவி.

நம்ம குழுவில் வண்டி ஓட்டப் பழகிய மூன்று பேரும் அந்த செல்ஃபை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். அது நின்றுபோனால், வண்டி நம்ம பெயரில் இருந்தாலும் கிளப்ப இன்னொருவரைக் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

கரண்ட் போகிற வழி

பயப்படாதீங்க, இது சுழல்நிதி மாதிரிதான். குழுவிலிருந்து போன பணம் சுற்றித் திரும்பிக் குழுவுக்கே வந்தால்தான் குழு நடக்கும். பேட்டரியிலிருந்து போன கரண்டும் பேட்டரிக்கே திரும்பி வரணும். வழியில் ஒரு இடத்தில் அடைத்தாலும் மொத்தமும் நின்றுவிடும்.

இதில் இரண்டு பாதை உண்டு. ஒன்று பெரிய பாதை. பேட்டரியின் பிளஸ் பக்கத்திலிருந்து தடித்த கேபிள் செல்ஃப் மோட்டாருக்குப் போகும். வண்டி இரும்பு வழியாக எர்த்து கேபிளில் திரும்பி மைனஸுக்கு வரும். இன்னொன்று சின்னப் பாதை. ஃபியூஸ், சாவி, கிளட்சுக்குப் பக்கத்தில் இருக்கிற பாதுகாப்பு சுவிட்ச் இவற்றின் வழியாக ஒரு மெல்லிய ஒயர் போய், செல்ஃப் மேல் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டைத் தட்டி எழுப்பும். சொலினாய்டு என்பது மதகு மாதிரி. சின்ன ஒயர் மதகைத் திறக்கும், பெரிய கேபிளில் கரண்ட் பாயும். அந்த மதகு திறக்கிற சத்தம்தான் நாம் கேட்கிற "டக்".

"லைட்டு எரியுதே, அப்புறம் பேட்டரி எப்படிக் கெட்டிருக்கும்?" என்று எல்லாரும் கேட்கிறோம். ஹெட்லைட் பல்புக்கு ஐந்து ஆம்பியர் அளவு போதும். செல்ஃபுக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேணும். சொம்பு நிறைகிற தண்ணியை வைத்து வயலுக்குப் பாய்ச்ச முடியுமா? அதுபோலத்தான்.

ஷாக் அடிக்குமா?

அடிக்காது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட், இது 12 வோல்ட். ஈரமில்லாத கையால் தொட்டால் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் வேறு ஆபத்துகள் இருக்கின்றன. கவனமாகக் கேளுங்கள்.

● இரும்போ தங்கமோ பிளஸையும் மைனஸையும் சேர்த்துத் தொட்டால் அந்த நொடியே பழுக்கக் காய்ந்து சதையைச் சுட்டுவிடும். அதனால் உலோக வளையல், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். தாலிச் சரடை ஜாக்கெட்டுக்குள் போட்டு, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகுங்கள்.

● சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி, விளக்கு எதுவும் கூடாது.

● உள்ளே இருப்பது ஆசிட். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை 15 நிமிஷமாவது விடாமல் ஊற்றிக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

● கழற்றும்போது முதலில் மைனஸ். மாட்டும்போது கடைசியில் மைனஸ். இதை ஒரு பாட்டு மாதிரி மனப்பாடம் செய்யுங்கள்.

● எதைத் தொடுவதற்கு முன்னாலும் வண்டி நியூட்ரலில் இருக்கணும், கை பிரேக் போட்டிருக்கணும், சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கணும்.

முதலில் காது, அப்புறம் கை

சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒருவர் முன்னால், சற்று ஒதுங்கி நின்று பாருங்கள். என்ன சத்தம், லைட் என்ன ஆகிறது என்று இரண்டையும் கவனிக்கணும். வண்டியே தன் நோயைச் சொல்லும்.

1. லைட்டும் இல்லை, சத்தமும் இல்லை: பேட்டரி அடியோடு இறங்கியிருக்கும். இல்லாவிட்டால் டெர்மினல் கழன்றிருக்கும், மெயின் ஃபியூஸ் போயிருக்கும்.

2. லைட் பளிச்சென்று எரிகிறது, சாவி திருப்பினாலும் மங்கவில்லை, சத்தமும் இல்லை: கரண்ட் செல்ஃபுக்குப் போகவே இல்லை. சின்னப் பாதையைப் பாருங்கள்.

3. "டக்" என்று ஒரே சத்தம்: மதகு திறக்கிறது, தண்ணி பாயவில்லை. டெர்மினல், எர்த்து, பேட்டரி இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் செல்ஃப் மேல் சந்தேகப்படணும்.

4. "டக டக டக டக" என்று தொடர்ச்சியாக அடித்து, லைட் மங்குகிறது: பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது.

5. செல்ஃப் மட்டும் "விர்" என்று சுற்றுகிறது, இன்ஜின் சுற்றவில்லை: செல்ஃபின் பல் போய்ச் சேரவில்லை. இது மெக்கானிக் வேலை.

6. இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை: செல்ஃப் மேல் தப்பில்லை. டீசல் இருக்கிறதா, லைனில் காற்று பூந்திருக்கிறதா, நிறுத்துகிற ஸ்டாப் கம்பி வெளியே இழுத்தபடியே இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்காலக் காலையில் ஹீட்டரைச் சரியாகப் போட்டோமா என்றும் யோசியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் சாவியைப் பிடித்துக்கொண்டே இருக்காதீங்க. பத்து விநாடிக்கு மேல் சுற்றக் கூடாது. ஒரு நிமிஷமாவது ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். இல்லாவிட்டால் நல்ல செல்ஃபும் சூடாகிக் கெட்டுவிடும்.

காசு செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள்

முதல் வேலை டெர்மினல். கையால் அசைத்துப் பாருங்கள், துளியும் ஆடக் கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றுங்கள். ஆப்பச்சோடாவைச் சுடுதண்ணியில் கரைத்து ஊற்றினால் பொங்கிக் கரைந்துவிடும். சோடாத் தண்ணி பேட்டரி மூடி வழியாக உள்ளே போகக் கூடாது. துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள்.

இரண்டாவது எர்த்து. கேபிளின் இரண்டு முனையையும் பார்க்கணும். சேடையில் இறங்குகிற வண்டிக்கு அடிமுனை கட்டாயம் துருப்பிடிக்கும். வேறொரு தடித்த கேபிளை மைனஸுக்கும் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புக்கும் பிடித்துப் பாருங்கள். அப்போது கிளம்பினால் குறை எர்த்தில்தான். இன்னொரு வழியும் உண்டு. நாலைந்து தடவை சாவி போட்டுப் பார்த்துவிட்டு, அணைத்து, இணைப்புகளைப் புறங்கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதுதான் குறையுள்ள இணைப்பு.

மூன்றாவது பேட்டரி. ஒரு மல்டிமீட்டர் குழுவுக்குச் சொந்தமாக இருக்கட்டும். டி.சி. 20 என்ற இடத்தில் வைத்து, சிவப்பைப் பிளஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். ராத்திரி முழுக்க ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடாமல் வண்டியைக் குற்றம் சொல்லாதீங்க. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், பேட்டரி நிறைந்திருந்தும் பலம் இல்லை என்று அர்த்தம். வண்டி ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்டணும். 12.5-லேயே நின்றால் டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை. அப்போது புது பேட்டரி வாங்கினாலும் அதுவும் இறங்கிப் போகும்.

நாலாவது சின்னப் பாதை. ஃபியூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ் போடணும், கம்பியைச் சுற்றக் கூடாது. எலி கடித்த ஒயர் இருக்கிறதா பாருங்கள், நிழலில் சும்மா நிற்கும் வண்டியில் இது சகஜம். கிளட்சை முழுக்க மிதித்து, பக்கத்து சுவிட்சின் குமிழ் அசைகிறதா பாருங்கள். சேறு அடைத்திருந்தால் துடைத்தாலே சரியாகும். பிறகு சொலினாய்டில் இருந்து மெல்லிய ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் வண்டி இரும்புக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லேம்பைப் பிடியுங்கள். ஒருவர் கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பட்டும். லேம்ப் எரிந்தால் சின்னப் பாதை சரி, குறை சொலினாய்டிலோ செல்ஃபிலோ இருக்கிறது. எரியாவிட்டால் சாவி, சுவிட்ச், ஒயர் இவற்றில் ஒன்று. ஒயர் கழற்றியிருப்பதால் இந்தச் சோதனையில் இன்ஜின் சுற்றாது, பயமில்லை.

இதை மட்டும் செய்யாதீங்க

சொல்லும்போதே எங்களுக்கு வயிறு கலங்குகிறது. ஒரு ஊரில், வண்டி கிளம்பவில்லை என்று ஒரு பையன் பக்கவாட்டில் தரையில் நின்றபடி, பெரிய திருப்புளியால் செல்ஃபின் இரண்டு போல்ட்டையும் சேர்த்துத் தொட்டான். பொறி பறந்தது, இன்ஜின் கிளம்பியது. வண்டி கியரில் இருந்தது! ஓட்டுகிற இடத்தில் யாரும் இல்லாமல் வண்டி முன்னால் பாய்ந்தது. முன் சக்கரம் வரப்பில் ஏறி நின்றதால் அந்தப் பையன் பிழைத்தான். வரப்பு இல்லாவிட்டால் பின் சக்கரம் அவன் மேல் ஏறியிருக்கும். இப்படிக் கிளப்பப் போய் உயிரை விட்டவர்கள் உலகம் முழுக்க உண்டு.

சாவி வழியாகக் கிளப்பினால் அந்தப் பாதுகாப்பு சுவிட்ச் காவலுக்கு நிற்கும். திருப்புளி அந்தக் காவலைத் தாண்டிவிடுகிறது. சில பேர் "இந்த சுவிட்ச்தான் தொல்லை" என்று இரண்டு ஒயரையும் முறுக்கி நேராகச் சேர்த்துவிடுவார்கள். அன்றைக்கு வண்டி கிளம்பும். ஆனால் என்றைக்கோ ஒருநாள் நம்ம பிள்ளை சீட்டில் ஏறி விளையாட்டாகச் சாவியைத் திருப்பும். பெரிய புல்தரைகளில் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டிகளில் சீட்டுக்கு அடியிலும் ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். ஆள் எழுந்தால் இன்ஜின் நின்றுவிடும். அதையெல்லாம் உயிர் போன அனுபவத்தில்தான் வைத்தார்கள். சுவிட்ச் கெட்டால் புது சுவிட்ச் போடுங்கள். எடுத்துவிட்டு ஓட்டாதீங்க.

நம்ம வண்டியிலும் பழைய சொந்தக்காரர் இப்படி ஒயரைச் சேர்த்து வைத்திருக்கிறாரா என்று இன்றைக்கே பார்க்கணும். கிளட்சை மிதிக்காமலே கிளம்பினால், அந்த சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இதைப் பார்க்கும்போது வண்டி நியூட்ரலில் இருக்கணும், பார்ப்பவர் சீட்டில் உட்கார்ந்திருக்கணும், முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது

மெக்கானிக் நமக்கு எதிரி இல்லை. எல்லா வேலையையும் நாமே செய்யவும் முடியாது. ஆனால் கடன் மனு வந்தால் "எதுக்கு, எவ்வளவு, எப்போ திரும்பும்?" என்று கேட்கிறோம் இல்லையா? அதேபோல இங்கேயும் கேட்கணும்:

● பேட்டரி எத்தனை வோல்ட் காட்டியது? சுற்றும்போது எவ்வளவு?

● எர்த்து பார்த்தாச்சா?

● செல்ஃபைக் கழற்றிய பின், தனியாகப் பேட்டரியில் வைத்து ஓட்டிக் காட்டுவீங்களா?

● மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீங்களா? பில்லும் வாரண்டி அட்டையும் உண்டா?

நாலு கேள்விக்கும் பதில் வந்த பிறகு தீர்மானம் போடுங்கள்.

வண்டிக்கும் ஒரு நோட்டு

நவரை முடிந்து சொர்ணவாரி வரும் வரை, சில சமயம் வாரக்கணக்கில் வண்டி சும்மா நிற்கிறது. நிற்கிற பேட்டரி தானாக இறங்கும், நம்ம வெயிலில் இன்னும் சீக்கிரம் இறங்கும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் உள்ளே தகடு கெட்டுவிடும். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டுங்கள். அதற்கு வழியில்லை என்றால் மைனஸைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். தண்ணி ஊற்றுகிற பேட்டரி என்றால் தகடு மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். போர்த் தண்ணியும் கூடாது, ஆசிட்டும் கூடாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு போடுவோம். தேதி, ஓடிய மணி, பேட்டரி வோல்ட், டெர்மினல் துடைத்த நாள், செய்த செலவு. குழுவுக்கு ஒருவர் என்று ஐந்து பேர், மாதம் ஒருவர் முறை வைத்துக்கொள்ளட்டும். சேமிப்பு நோட்டில் ஒரு ரூபாய் குறைந்தால் கண்டுபிடிக்கிற நாம், பேட்டரியில் அரை வோல்ட் குறைந்ததையும் கண்டுபிடித்துவிடுவோம்.

பேச்சு போதும். இப்போது எல்லாரும் எழுந்து வேப்பமரத்தடிக்கு வாங்க. வளையலைக் கழற்றி ஊக்குநர் அக்காவிடம் கொடுங்க. இன்றைக்கு மைனஸைக் கழற்றி மாட்டப் போவது, சிரித்தாங்களே, அந்தப் பின்வரிசை அம்மாதான்!